உன் அறைக்கு நான் வைத்த வெளிச்சம்

ஜெசி அக்கா, என் கூடப் பிறந்தவளே,

நமக்குள் கடிதப் பழக்கமே கிடையாது. நீ அபுதாபியில், நான் துபாயில். டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவாய். நான் சைட்டில் ஏணி மேல் நின்றபடியே கேட்டுவிட்டுப் பதில் போடுவேன். "சாப்பிட்டியாலே?" என்பதுதான் உன் மெசேஜில் பாதி. இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். இன்று ஞாயிறு. அல் கூஸ் ரூமில் கூட இருப்பவர்கள் துணி துவைக்கப் போயிருக்கிறார்கள்.

உன் அறைக் கதவுக்கு வெளியே நடந்தவற்றில் சில உனக்குத் தெரியாது. நீ போன பிறகு நடந்ததும் இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு வார்த்தை, சிரிக்காதே. நீ நர்ஸ். கல்யாணத்துக்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்தவள். பெரும்பாலும் நைட் டியூட்டிதான் பார்த்தாய். முசஃபாவில் ஒரு சின்ன ஃபிளாட்டில் நீயும் உன் மகள் ஜெனிஷாவும். ராயப்பன் அத்தானுக்கு ஓமானில், சோஹார் துறைமுகத்தில் கிரேன் வேலை. லீவு கிடைக்கும்போது வந்து போவார். ஜெனி அப்பாவை விருந்தாளியைப் போலத்தான் பார்த்து வளர்ந்தாள்.

நான் வேலை செய்வது பெரிய வீடுகளுக்கு விளக்கும் வாசனையும் வைத்துக் கொடுக்கும் கம்பெனியில். போனில் விரலால் தட்டினால் ஹால் முழுக்க மஞ்சள் வெளிச்சம் பரவும், மூலையில் இருக்கும் சின்ன மெஷின் ஊது என்கிற அகில் மணத்தையோ ரோஜா மணத்தையோ மெதுவாக விடும். அப்படி ஒன்றாகச் சேர்த்து வைப்பதற்கு எங்கள் பாஷையில் 'சீன்' என்று பெயர். விருந்துக்கு ஒரு சீன், தூக்கத்துக்கு ஒரு சீன். "சுவிட்சைப் போட்டா லைட்டு எரியாதாலே? அதுக்கும் சம்பளத்துக்கு ஒரு ஆளா?" என்று எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாய்.

அந்தக் கேலியெல்லாம் நின்றுபோன ஒரு மத்தியானம்தான் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாய். உன் நோய்க்கு இனி மருந்து கேட்காது, வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜெனிக்குப் பரீட்சை, அதனால்தான் உள்ளே வருவதில்லை என்று லீவில் வந்திருந்த அத்தானும் நானும் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"பரீட்சையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றாய். "பிள்ள பயப்படுகா. இந்த மொகத்த நான் வார்டுல எத்தன பேருக்குப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

நான் உன் தலையணையைச் சரிசெய்தேன்.

"நீ ஊர்ல உள்ள பணக்காரன் வீட்டுக்கெல்லாம் மூடு மாத்திக் குடுக்கியே, இந்த ரூமையும் ஒண்ணு மாத்திக் குடுலே. அவளுக்கு உள்ள வரணும்னு தோணணும். கேட்டியா? எனக்கு நாள் கெடையாது."

மறுநாளே எங்கள் குடோனில் ரஃபீக் பாயிடம் போய் நின்றேன். பெஷாவர்க்காரர், எங்கள் சூப்பர்வைசர். அக்காவுக்கு என்று சொன்னதும் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. "லே ஜாவோ பாய், சோச்சோ மத்" என்றார். யோசிக்காமல் கொண்டு போ என்று. ஒரு வில்லாவிலிருந்து கழற்றி வந்த பல்புகளையும் ஒரு வாசனை மெஷினையும் அவரே பையில் போட்டுக் கொடுத்தார்.

அன்று நான் செய்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது அக்கா. என் தொழிலில் நன்றாக ஓடும் சீன் ஒன்று உண்டு. கடலில் சூரியன் இறங்குகிற மாதிரி ஆரஞ்சு வெளிச்சம், கூடவே லாவெண்டர் மணம். ஹோட்டல்காரர்கள் தேடி வந்து கேட்பார்கள். அதையே உன் அறையில் வைத்தேன். திரையை இழுத்துவிட்டு, ஜெனியை வாசலில் நிறுத்தி, போனைத் தட்டினேன். வெளிச்சம் அழகாகத்தான் வந்தது. மணம் வந்ததும் உனக்கு ஓங்கரித்தது. பாத்திரம் எடுப்பதற்குள் போர்வையெல்லாம் நனைந்துவிட்டது. அந்த ஆரஞ்சு வெளிச்சத்தில் உன் முகம் வேறு யாருடைய முகம் போலவோ இருந்தது. ஜெனி ஓடிவிட்டாள்.

நீ வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னது, "மெஷின நிப்பாட்டுலே, பிள்ளயப் போய்ப் பாரு."

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. கீழே பார்க்கிங்கில், யாருடையதோ பிக்கப் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நானும் தரையில் உட்கார்ந்தேன். டயரில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"சாரி மாமா" என்றாள் கடைசியில். "நான் பேட் டாட்டர்."

"யாரு சொன்னா?"

"எனக்கே தெரியும். அம்மா ரூமுக்குப் போகவே எனக்குப் பயமா இருக்கு. அங்க அம்மா ஸ்மெல்லே இல்ல. மெடிசின் ஸ்மெல். இன்னைக்கு நீங்க வச்சது ஹோட்டல் லாபி மாதிரி இருக்கு. அம்மா எங்கன்னே தெரியல."

"அப்போ அம்மா ரூம் எப்படி இருக்கணும், சொல்லு" என்று கேட்டேன்.

அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். நீ நைட் டியூட்டி முடிந்து வருவாயாம். அவள் ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாளாம். ஹாலில் லைட் போடாமல், கிச்சன் ட்யூப் லைட்டை மட்டும் போட்டுவிட்டு டீ வைப்பாயாம். அந்த வெள்ளை வெளிச்சம் கதவு வழியாகக் கொஞ்சமாக வந்து விழுமாம். ஏலக்காய் வாசம் வருமாம். பஸ் வரும்வரை அந்தக் கொஞ்ச நேரம் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பீர்களாம். "அது மட்டும்தான் மாமா எங்க டைம். மத்த நேரமெல்லாம் நான் ஸ்கூல்ல இருப்பேன், இல்லன்னா அம்மா தூங்குவாங்க."

அக்கா, எத்தனையோ வீடுகளுக்கு விதவிதமாக வெளிச்சம் வைத்தவன் நான். டியூட்டி முடிந்து வரும் ஒரு அம்மாவின் காலை வெளிச்சம் எது என்று அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அறையிலிருந்த எல்லாவற்றையும் நாங்கள் மாற்றியது அடுத்த ஞாயிறு. உனக்கு ஞாபகம் இருக்கும், ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு உன்னை ஹாலில் படுக்க வைத்தோமே. பினாயில் வாடை போகும்வரை ஃபேன் ஓடியது. மெஷினை நான் பையில் போட்டுக் கட்டிவிட்டேன். கட்டிலுக்கு மேலே இருந்த பல்புகளைக் கழற்றினேன். ஒரே ஒரு பல்பை மட்டும் அறைக்கு வெளியே, நடைவழியில் மாட்டினேன். மஞ்சள் இல்லை, நீலமும் இல்லை, ட்யூப் லைட்டின் வெள்ளை. கதவை எவ்வளவு திறந்து வைத்தால் வெளிச்சம் சரியாக விழும் என்று ஜெனி நின்று பார்த்துச் சொன்னாள். "இன்னும் கொஞ்சம், மாமா. ஸ்டாப்."

வாசனைக்குத்தான் பயந்தேன். இன்னொரு தடவை நீ வாந்தி எடுத்தால் அவள் ஜென்மத்துக்கும் உள்ளே வரமாட்டாள். அதனால் டீத்தூள் இல்லாமல், பால் இல்லாமல், ஏலக்காய் ஒன்றை மட்டும் தட்டி வெந்நீரில் போட்டு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். "வாசல்லயே நில்லு. அம்மா மொகத்தப் பாரு. புடிக்கலன்னா திரும்பிரு" என்றேன்.

நீ கண்ணை மூடியிருந்தாய். மூக்கு அசைந்தது. நானும் அவளும் மூச்சு விடவில்லை.

"யாரு, டீ போட்டது?" என்றாய்.

"நான்தாம்மா."

"ஸ்கூலுக்கு நேரமாகலியா மக்கா?"

அப்போது சாயங்காலம். அது உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நீ விளையாட்டுக்குக் கேட்டாயா, நிஜமாகவே காலை என்று நினைத்தாயா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஜெனி கொஞ்சம் நின்றாள். பிறகு, "இன்னைக்கு லீவும்மா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். கட்டிலில் உட்கார்ந்தாள். நான் நடைவழியில் சுவரில் சாய்ந்து நின்றேன். போன் கையில் இருந்தது. எதையும் தொடவில்லை.

அன்றைக்கே போனில் தட்டி லைட்டைப் போடும் அந்த வேலையை அவளிடம் ஒப்படைத்துவிட்டேன். பிறகு அவளாகவே தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் வெளிச்சத்தை வைத்தாள், ஏலக்காய் தட்டினாள், உள்ளே வந்தாள். உனக்குக் குடிக்க முடியாது, அவள்தான் குடித்தாள். நான் வருகிற நாட்களில், நீங்கள் பேசிக்கொண்டதில் பாதி கதவுக்கு வெளியே எனக்குக் கேட்கும். டீச்சரைப் பற்றி, சண்டை போட்ட தோழியைப் பற்றி. ஒரு நாள் அவள் கேட்டாள், "அம்மா, ரொம்ப வலிக்குதா?"

பொய் சொல்வாய் என்று நினைத்தேன். நீ சொல்லவில்லை. "வலிக்கத்தான் செய்யி மக்கா. மருந்து போட்டா கொறையும். பாட்டுக் கேட்டா கொறையாது, அந்தச் செவத்து டிவில ஓடுக சீரியலப் பாத்தா கூடும்" என்றாய். அவள் சிரித்தாள். வெளியே நான் அழுதேன்.

கடைசி நாளன்று நான் துபாயில், பால்ம் பக்கம் ஒரு வீட்டில் வேலையில் இருந்தேன். அத்தான் போன் செய்தார். "வா" என்று மட்டும்தான் சொன்னார். வந்து சேரும்போது பக்கத்து ஃபிளாட் ஆட்கள், உன் கூட வேலை பார்த்த சிஸ்டர்கள், எல்லாரும் நிறைந்திருந்தார்கள். யாரோ எல்லா லைட்டையும் போட்டிருந்தார்கள். நீ போகும்போது ஜெனி உன் கையைப் பிடித்திருந்தாள் என்று அத்தான் சொன்னார். விரலை எடுக்க மனம் வராமல் வெகுநேரம் அப்படியே இருந்தாளாம். நீ பயந்தாயே, பிள்ளை உள்ளே வராமலேயே போய்விடுவாளோ என்று. வந்தாள் அக்கா. கடைசிவரை உள்ளேதான் இருந்தாள்.

உன்னைப் பெட்டியில் ஊருக்குக் கொண்டுபோனோம். எத்தனையோ பேருக்கு நீ டியூட்டியில் நின்று பெட்டி அனுப்பும் பேப்பர் வேலைகளைப் பார்த்துக் கொடுத்திருக்கிறாய். உனக்கு நாங்கள் பார்த்தோம். கோயில் கல்லறையில், அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறாய்.

திரும்பி வந்தபோது இன்னொன்று காத்திருந்தது. ஜெனியின் விசா உன் பேரில் இருந்தது. நீ இல்லாமல் அவள் இங்கே இருக்க முடியாது. அத்தான் சோஹாரில் அலைந்து ஃபேமிலி விசா எடுத்தார். முசஃபா ஃபிளாட்டைக் காலி செய்தோம். நடைவழி பல்பை நான்தான் கழற்றினேன். சூடாக இருந்தது, ஜெனி அதை அதுவரை அணைக்கவே இல்லை.

சோஹாருக்கு அவளை நான்தான் காரில் கூட்டிப்போனேன். வழி முழுக்க மலை. அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். புது ஃபிளாட்டில் அவளுடைய அறையைக் காட்டினார் அத்தான். நான் பையைத் திறந்தேன். அதே பல்பு, அதே வெள்ளை வெளிச்சம், எங்கே மாட்டலாம் என்று சுவரைப் பார்த்தேன்.

"வேண்டாம் மாமா" என்றாள்.

"ஏன் மக்கா? ஒரு நிமிஷ வேலதான்."

"இங்க அம்மா இருந்ததே இல்லையே."

பையை மூடிவிட்டேன். திரும்பி வரும்போது பார்டரில் அதிகாரி பையைத் திறந்து பார்த்து, "ஷூ ஹாதா?" இது என்ன என்று கேட்டார். லைட் என்றேன். கடைக்கா என்றார். இல்லை என்றேன். பையை மூடிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் லாவெண்டர் பாட்டிலை என்னால் திறக்கவே முடிவதில்லை. ஒரு வீட்டில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு பால்கனிக்குப் போய் நின்றுவிட்டேன். ரஃபீக் பாய் பார்த்தார். மறுநாளிலிருந்து என்னை லைட் வேலைக்கு மட்டும்தான் அனுப்புகிறார். எத்தனையோ பேர் வீட்டில் என்னென்ன வெளிச்சமோ வைக்கிறேன். அந்த வீடுகளில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று இப்போதெல்லாம் பார்க்கத் தோன்றுகிறது. நீ இருந்திருந்தால் இதற்கும் ஒரு கேலி வைத்திருப்பாய். என்ன சொல்லியிருப்பாய்?

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் அக்கா இந்தக் கடிதமே.

நேற்று ஜெனி கூப்பிட்டாள். நன்றாக இருக்கிறாள். புது ஸ்கூலில் ஒரு தோழி கிடைத்திருக்கிறாள். பேச்சு முடியும் நேரத்தில், "மாமா, அடுத்த தடவை வரும்போது ஒரு லைட் கொண்டு வாங்க" என்றாள்.

"உன் ரூமுக்கா?"

"இல்ல, ஹாலுக்கு. அப்பாவுக்கு. அப்பா டியூட்டி முடிஞ்சு வந்தா லைட்டே போடாம சோபால உக்காந்திருக்காங்க. இருட்டுல இருக்கறது அப்பான்னே தெரியல. அவங்க டோரைத் தொறந்ததும் தானா எரியற மாதிரி வேணும். ரொம்ப பிரைட்டா வேண்டாம். நான் அப்புறமா போய்ப் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "வாசனை ஏதாவது வேணுமா மக்கா?" என்று கேட்டேன்.

"இப்ப வேண்டாம் மாமா. அப்பாவுக்கு என்ன ஸ்மெல் பிடிக்கும்னு எனக்கு இன்னும் தெரியாது. கண்டுபிடிச்சிட்டுச் சொல்றேன்."

ரஃபீக் பாயிடம் லீவு சொல்லிவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை சோஹார் போகிறேன். எங்கே மாட்ட வேண்டும், எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று அவள்தான் சொல்வாள். நான் ஏணி மேல் நின்று, அவள் நிறுத்தச் சொல்லும் இடத்தில் நிறுத்துவேன். அவள் அந்த வாசனையைக் கண்டுபிடித்துச் சொல்கிற அன்றைக்கும் போவேன். எந்த வேலை இருந்தாலும் போவேன், இது உனக்கு நான் தரும் வாக்கு.

அவளுக்கு என்றைக்கும் மாமன்,
உன் தம்பி,
சேவியர்