ஷஹீராவின் மிஷின்

ஜூலை 21, திங்கள்

மிஷின் வந்துவிட்டது. தொடாமலே, தோலுக்கடியில் ரத்தம் ஓடுவதை லேசர் வெளிச்சத்தால் அளந்து கலர்ப் படமாகக் காட்டுமாம். ஓட்டம் குறைந்தால் நீலம், கூடினால் சிவப்பு. அதைப் பழகிவர டாக்டர் மதுரைக்கு அனுப்பியது ஷஹீராவை. நேற்று வேலைக்கு வந்தவள்! இந்த ஸ்கின் கிளினிக்கில் கட்டுப் போட்டே முடி நரைத்தவள் நான். சங்கரசுப்பு டாக்டருக்கு என் பெயர் மறந்தா போச்சு?

ஜூலை 24

ஷஹீரா, ஷஹீரா, ஷஹீரா. காது புளித்துவிட்டது.

ஜூலை 29, செவ்வாய்

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. தோல் வியாதி தீருமென்று பாதிப் பேர் கோயிலில் புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு நேரே இங்கேதான் வருகிறார்கள். திருவேங்கடம் ஊர்க்காரர் இசக்கிப்பாண்டியும் அப்படித்தான். கெண்டைக்காலில் ஆறாத செதில் படை. சொரியாசிஸ் என்றால் படை முழுக்க ஒரே சீராகச் சிவக்கும், கேன்சர் கட்டி என்றால் திட்டுத்திட்டாக வரும் என்று ஷஹீரா அவருக்கு டீச்சர் மாதிரி விளக்கினாள். படம் திட்டுத்திட்டாக வந்தது. மனுஷன் வெலவெலத்துப் போனார்.

எனக்குத்தான் தெரிந்தது, செதில் இடுக்கில் மண். அது வெளிச்சத்தை மறைத்தால் படம் திட்டாகத்தான் வரும். டாக்டர் முன்னாலேயே கேட்டேன்: "ஏட்டி, புத்துமண்ணோடயா படம் எடுத்தே? கண்ணு எங்கன இருந்துச்சு?" அவள் முகம் செத்துப்போச்சு. ஈரப்பஞ்சால் நானே அழுத்தித் தேய்த்துச் சுத்தமாக்கினேன். உடனே எடுத்த படம் முழுக்க ஒரே சிவப்பு.

"சொரியாசிஸ்தான். களிம்பு எழுதித் தாரேன்" என்றார் டாக்டர். "நல்லா இருப்பீய தாயி" என்று இசக்கிப்பாண்டி என்னைக் கும்பிட்டார். இன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

ஜூலை 30

அவரைப் போன் போட்டு மறுபடி வரவழைத்திருக்கிறாள்! "அக்கா, நீங்க தேச்ச தேப்புல நல்ல தோலே செவந்திரும்லா? கொஞ்சம் உக்கார வச்சு எடுத்துப் பாப்போம்." எனக்கே பாடம்!

உட்காரவைத்து எடுத்தாள். சிவப்பு அடங்கியிருந்தது, ஒரு ஓரத்தைத் தவிர. சொரியாசிஸ் என்றால் முழுக்கச் சிவப்பாகவே நின்றிருக்கணும். டாக்டர் அந்த ஓரத்தில் துளி சதையைக் கிள்ளியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடவுளே, ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டினேன். அந்த மனுஷனுக்காகவா வேண்டினேன்? இல்லை. அவள் சொன்னது பொய்யாகணும் — அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 11

கேன்சர். மேல்தோலோடு நிற்கிறதாம், வெட்டியெடுத்தால் போதுமாம். என் தேய்ப்பை நம்பிக் களிம்போடு விட்டிருந்தால்? உள்ளே இறங்கியிருக்கும்.

ஷஹீரா டாக்டரிடம், "மண்ணக் கண்டுபிடிச்சது ராஜி அக்காதான் சார்" என்றாள். தேய்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாவி மக, நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட விடமாட்டாள் போல.

ஆகஸ்ட் 13

வாசலில் ஒரு குடம் தண்ணீர் வைத்து, பெஞ்சும் போட்டிருக்கிறேன். கோயிலிலிருந்து வந்த ஒருவர் குனிந்து, மண் அப்பிய காலைப் பரபரவென்று தேய்த்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"தேய்க்காதீய அண்ணாச்சி, சும்மா ஊத்துங்க. ஊத்திட்டுக் கொஞ்சம் உக்காருங்க. உள்ள படம் எடுக்கவ ரொம்பக் கறாரு."