மானுக்குக் கண் முதலில்

என் பிரிய அண்ணா,

உன் மானுக்குக் கண் வைத்துவிட்டோம். நானும் அண்ணியும். ஆஸ்டினில், உன் கராஜில்.

போன குளிர்காலத்தில் நீ சுட்ட மான். பதப்படுத்தி வந்த தோலை ஃப்ரீஸரில் வைத்தாய். மான் தலை போலச் செய்த ஃபோம் உருவமும் ஒரு ஜோடி கண்ணாடிக் கண்ணும் வாங்கினாய். மான் தலையைப் பாடம் செய்வது இதுதான் முதல் முறை, நானே செய்வேன் என்றாய். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீஸ் மேசையிலேயே சாய்ந்தாய், எழவில்லை.

அண்ணி வீட்டை விற்கிறார். "என்ற புருசன் ஆரம்பிச்சு முடிக்காதது இது ஒண்ணுதான் கண்ணு. ஃப்ரீஸரோட விட்டுட்டுப் போக முடியாது. கெட்டுப்போனாலும் தாங்க மாட்டேன்."

இருப்பது ஒரே தோல். ஒட்டிக் காய்ந்துவிட்டால் திருத்த வழியில்லை.

பசை தடவி, ஈரத் தோலை உருவத்தின் மேல் இழுத்துவிட்டேன். கண் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"கண்ணு கடைசியிலதான் தெறக்கோணும். சாமிக்கே அப்படித்தான்," என்றார் அண்ணி. எனக்கும் சரியென்றே பட்டது. கோயில் சிலைக்கு எல்லாம் முடிந்த பிறகுதானே கண் திறப்பார்கள்?

மானுக்கு அப்படியில்லை அண்ணா. முதலில் கண். குழியில் களிமண் வைத்து, கண்ணை அமர்த்தி, சுற்றிலும் இமையின் வளைவை எழுப்பி, பிறகுதான் தோல். இமை கண்ணாடியின் மேல் வந்து படிய வேண்டும். வெளியிலிருந்து திணித்தால் அது கண்ணல்ல, பொத்தான்.

வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டதும், பசை காய்வதற்குள் உரித்தோம்.

"சாமி சிலையா இதுன்னு உங்கண்ணன் சிரிச்சுட்டு இருப்பாரு."

"சிரிக்கட்டும் அண்ணி. நீங்க மான் காதைக் கெட்டியாப் புடிங்க."

தோல் கிழியவில்லை.

இன்னொன்று. மானின் கண்பாவை நம்முடையதைப் போல வட்டமல்ல. படுத்த நீள்வட்டம். நீ வாங்கிய உருவத்தில் தலை சற்றுக் குனிந்திருக்கிறது. பாவையையும் அந்தச் சாய்வுக்கே வைத்தேன். மயங்கி விழப்போவதுபோல இருந்தது. விரலால் மெல்லச் சுழற்றினேன், பாவை தரைக்கு இணையாகும்வரை.

உயிருள்ள மானும் இதைத்தான் செய்கிறதாம். மேயக் குனியும்போது தலை சாயும். கண்கள் குழிக்குள் சுழன்று அடிவானத்தைப் பிடித்துக்கொள்ளும்.

உனக்கு இது தெரிந்திருந்ததா? சுடும் முன் அது உன்னைப் பார்த்ததா?

தோலை மறுபடி போர்த்தி, இமைகளைச் செருகியதும் இருவரும் பின்னால் நகர்ந்தோம். ஏன் என்று தெரியாது. அது எங்களைப் பார்க்கவில்லை. எங்களையும் எங்களுக்குப் பின்னால் இருந்ததையும் சேர்த்து, எல்லாவற்றையும் பார்த்தது. களிமண்ணும் கண்ணாடியும்தான். தெரியும்.

அண்ணி செருப்பைக் கழற்றினார்.

"கூடவே எடுத்துட்டுப் போறேன்," என்றார். அது மிரண்டுவிடக் கூடாது என்பதுபோல, தாழ்ந்த குரலில்.

காய்கிற நாள்களில் இமை சுருங்கிக் கண்ணைவிட்டு விலகப் பார்க்குமாம். தினமும் வந்து படிய வைப்பேன் அண்ணா. முழுக்கக் காயும்வரை வேறெங்கும் போக மாட்டேன்.

நகக்கண்ணில் இன்னும் களிமண்ணோடு,
உன் கூடப்பிறந்தவள்