சுகமானவர்கள் நிறுத்தும் மாத்திரை

மாப்ளே,

இன்று காலை சுள்ளிக்கல் வீட்டுக்குள் நுழையும்போதே சுக்கும் மிளகும் கொதிக்கும் வாசனை. செருப்பைக் கழற்றாமல் அடுப்படிக்கு ஓடினேன். என் மகள் கஷாயம் வடித்துக்கொண்டிருந்தாள்.

"எதிர்ப்புச் சக்திக்கு அப்பா. வயறு இப்போ நல்லா சுகமாயி. இனியும் மாத்திரை வேணுமா?"

உனக்கு வந்த அதே குடல் அழற்சி அவளுக்கும் வந்துவிட்டது. உன் அக்கா இன்னும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை.

நீ முதலில் உடம்புச் சூடு என்றுதான் சொன்னாய். மட்டாஞ்சேரியில் நம் மிளகு, ஏலக்காய்க் கடையில் பேரம் பாதியில் நிற்கும். எழுந்து பின்பக்கம் ஓடுவாய். "வந்து விலை சொல்றேன் சேட்டா, அதுக்குள்ள குறைச்சிராதே!" என்று வந்தவரைச் சிரிக்கவும் வைப்பாய். ரத்தம் போவதை மட்டும் மறைத்தாய். ஆள் பாதியான பிறகுதான் உன்னை எர்ணாகுளத்துக்கு இழுத்துப் போனேன்.

அங்கே டாக்டரம்மா தமிழிலேயே சொன்னார். "சண்டை போடற செல்லுக்கு உங்க உடம்புல குறைச்சலே இல்ல. போதும், நிறுத்துன்னு அடக்குற செல்லும் இருக்கு. குடல்ல அதோட பேச்சு எடுபடல. அதான் சொந்தக் குடலையே அடிச்சுப் புண்ணாக்குது."

நீ என் பக்கம் திரும்பினாய். "நம்ம மூட்டை தூக்குற சுமட்டுக்காரங்க கதைதான் அத்தான். அவங்க தலைவன் மூப்பன் தொண்டை கிழியக் கத்தியும் கேக்காம ரெண்டு கூட்டமும் மோதி, கடைசில நம்ம மூட்டையைத்தானே கிழிச்சாங்க?"

டாக்டரும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குத் தரையெல்லாம் சிதறிக் கிடந்த மிளகுதான் கண்ணில் வந்தது.

மாத்திரை அந்தச் சண்டையைத் தணித்தது. உனக்குச் சதை பிடித்தது. கப்பைக் கிழங்கும் மீனும் கேட்டு வாங்கித் தின்றாய். அங்கேதான் ஆபத்து தொடங்கியது. மிளகும் மஞ்சளும் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் நாம் சொல்வோமே, அது சரக்கு நகர்வதற்கான பேச்சு. எனக்கு அது வியாபாரம். நீயோ அதை நம்பவும் செய்தாய். "இந்த மாத்திரை சக்தியைக் குறைக்குதாம் அத்தான். நம்ம கடையில சக்திக்கா பஞ்சம்?" என்று டம்ளரில் கஷாயத்தை ஆற்றுவாய். அடக்க ஆளில்லாத கூட்டத்துக்கு இன்னும் பலம் எதற்கு? கஷாயம் உன்னைக் கொல்லவில்லை. யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாயே, அதுதான் கொன்றது. மழைக்காலத்தில் வயிறு வீங்கிப் படுத்தாய். குடல் ஓட்டையாகியிருந்தது. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகையில், "ஏலக்காய் நனைஞ்சிரப் போகுது, பாத்துக்குங்க" என்றாய். உன் குரலை நான் கடைசியாகக் கேட்டது அப்போதுதான்.

இவ்வளவையும் இன்று மகளிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவள் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"நோக்கி நிக்கண்டா அப்பா, இப்படிப் பாத்துக்கிட்டே நிக்காதீங்க. நீங்க என்ன, போலீசா?"

அப்படியே உன் சிரிப்பு. நீ போன நாளிலிருந்து, வீட்டில் யாராவது சுகமாகிவிட்டது என்றால் எனக்குப் பயம்தான் வருகிறது. பேரத்தில் எதிரே நிற்பவன் முகத்தைப் பார்த்தே அவன் மனதை அளந்து பிழைத்தவன் நான். இன்றைக்கு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். விழுங்கினாளா என்று தெரியவில்லை. வாயைத் திறந்து காட்டு என்று சொல்ல நா எழவில்லை.