ரப்பர் கையுறை செய்த வேலை

என் கண்ணான மகனுக்கு அம்மா எழுதுவது. அப்பா, தங்கை, நான் மூவரும் நலம், என் கைகளை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். எழுத்து அழகாக இருக்கிறதே என்று திகைக்காதே, பேனா பிடிக்க விரல் மடங்கவில்லை, நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டாளே தவிர கையெழுத்தை விடவில்லை.

சலவைக்கூட வேலையை விட்டுவிட்டு உன்னிடம் வந்துவிடு என்று போன வாரம் ஃபோனில் சத்தம் போட்டாய். அப்போது பேசினால் அழுதுவிடுவேன் என்று ஃபோனை வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், வரமாட்டேன். நடந்ததைக் கேள். கையில் முதலில் அரிப்பு, பிறகு சிவந்து வெடித்து நீர் கசிந்தது. மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு படர்தாமரை என்று ஒரு களிம்பு கொடுத்தார். அது வேலைசெய்யும் இடத்தில் பரவிவிட்டது, நோய் இல்லை, பேச்சு. படர்தாமரை ஒட்டிக்கொள்ளும் என்று மேற்பார்வைக்காரம்மா என்னை விரிப்புகள் பக்கமே வரக்கூடாது என்று தரை கழுவ விட்டாள். சாப்பாட்டு மேசையில் நான் உட்கார்ந்ததும் இஸ்திரிக்காரி, அக்கா கொஞ்சம் தள்ளி உட்காருங்க, எனக்குப் பிள்ளைகுட்டி இருக்குன்னாள். எனக்கு என்ன, பூனைக்குட்டியா இருக்கு? கொதிகலன் அறை வாசலில் போய்த் தனியாகச் சாப்பிட்டேன். உன் தங்கை, நாலு பேர் பார்த்தால் தலை குனிகிறவள், துணி மடிக்கிற பக்கத்திலிருந்து தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எல்லார் நடுவிலும் நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இதை எழுத வேண்டாம்மா என்கிறாள், எழுதுடி என்கிறேன்.

அப்புறம்தான் தோல் டாக்டரிடம் போனேன். அங்கே காத்திருந்தபோது எனக்கு நல்ல பாடம். ஒருவருக்கு முழங்கையெல்லாம் வெள்ளிச் செதில், சொரியாசிஸாம், உடம்பே அவசரப்பட்டுத் தோலை வளர்த்துக் கொட்டுகிறதாம், யாருக்கும் ஒட்டாது. ஒரு தாய் தன் பெண் குழந்தையைத் தலையணையில் வைத்தே தூக்கி வந்திருந்தாள். லேசாக உரசினாலே கொப்புளம் வந்து தோல் உரிந்துவிடுமாம், பிறவியிலேயே வருவது, ரொம்ப அபூர்வம். ஒட்டுமா என்று கேட்கிறவர்களிடம், அவகிட்டயிருந்து உங்களுக்கு ஒண்ணும் வராது, உங்க கைதான் அவளுக்கு ஆபத்துன்னு சொல்வேன் என்றாள். அவள் குரலில் அழுகையே இல்லை. எனக்கு முதுகு நிமிர்ந்தது.

டாக்டர் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். கையுறை முடிகிற இடத்தில் கோடு போட்ட மாதிரி சிவப்பு நின்றிருந்தது. எது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, முதுகில் ஒவ்வொரு பொருளாகத் தடவிய சின்னச் சின்னப் பட்டைகள் ஒட்டி இரண்டு நாள் குளிக்காமல் வரச் சொன்னார். அப்பா என்னைச் சுவரொட்டி என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார். பிரித்தபோது சோப்பு, பொடி எதற்கும் ஒன்றுமில்லை, கையுறை ரப்பரில் கலக்கிற மருந்துக்கு மட்டும் தடித்துச் சிவந்திருந்தது. நானோ புண் ஆறட்டும் என்று களிம்பு பூசி, தூங்கும்போதும் கையுறையைக் கழற்றாமல் கிடந்தேன். நோய்க்குப் போர்வை போத்தி வளர்த்திருக்கீங்கம்மா என்றார். அது நீ அனுப்பிய கையுறைதான். மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, அதற்கு முன்பு வேலையில் கொடுத்ததும் அதே ரப்பர்தான். இது பரவுகிற நோயே இல்லை, ரப்பரைத் தொடாமல் இருந்தால் ஆறிவிடும். ரப்பர் கலக்காத கையுறை வாங்கிவிட்டேன், உள்ளே போடப் பருத்தி உறையும் இருக்கிறது.

புண் மூடியதும் நேரே மேற்பார்வைக்காரம்மாவிடம் போய், என் பழைய இடத்தைக் கேட்பேன். இது ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதை அவள் எல்லாருக்கும் கேட்கும்படி படிக்க வேண்டும். அன்று மதியம் பெரிய மேசையின் நடுவில் உட்காருவேன். எழுந்து போகிறவர்கள் போகட்டும், நான் மெதுவாகத்தான் சாப்பிடுவேன். வேலையை விட்டு நான் உன்னிடம் வந்தால், ஒட்டுகிற நோய் என்பதால்தான் ஓடிவிட்டாள் என்பார்கள், அடுத்து யாருக்காவது கை வெடித்தால் அவளையும் அதே வாசலில் உட்கார வைப்பார்கள்.

உனக்கும் குளிரில் கால் வெடிக்கும் என்றாயே, கண்ட களிம்பை வாங்காதே, டாக்டரிடம் காட்டு. நோய்நொடியில்லாமல் நீண்ட ஆயுளோடு இரு, ராசா.

சொன்னது உன் அம்மா,
எழுதியது உன் தங்கை.

அண்ணா, நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அந்த மேசையில் அம்மாவுக்கு நான் முன்னாலேயே போய் இடம் பிடித்து வைப்பேன்.