மண்மேட்டில் நீட்டிய கை

ஹ்ருஷ்கா பண்ணை, அயோவா
1938 ஜூன் 6

அன்பு மகன் லூமீருக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் பசுக்களும் நலம். என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடம் தோற்றுப் போய்விட்டது. விரல்களையும் உன் இடது கைப் பந்தைப் பிடித்துப் பிடித்தே கோணலாக்கிக்கொண்டேன்.

பேஸ்பால் ஆட்டத்தில் நீ எறியும் நாட்களில் ரேடியோவைச் சமையலறை ஜன்னலில் வைத்துக் கேட்கிறோம். உன்னைப் போல் எறிய நாட்டில் ஆளில்லை என்று ஊரே சொல்கிறது. நானும் மறுப்பதில்லை.

ஒரு சின்னச் சங்கதி. களஞ்சியச் சுவரில் சுண்ணாம்புக் கட்டம் போட்டு எறிந்து பழகினாயே, அங்கே இப்போது தொம், தொம் என்று சத்தம். மரங்கொத்தி என்றேன்.

“நம்ம பையன் பந்து எறியற அன்னிக்கு மட்டும் வர்ற மரங்கொத்தியா? போய்ப் பாருங்களேன். சொந்தக் களஞ்சியத்துக்கே பயப்படுற ஆம்பளைய இப்பத்தான் பாக்கறேன்” என்கிறாள் உன் அம்மா.

பயமெல்லாம் இல்லை. முழங்கால் வலி.

உன் அப்பா,
வென்ஸல்


செயின்ட் லூயிஸ்
ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா சுட்டு அனுப்பிய கொலாச்சிப் பலகாரம் வந்தது. பாதியை எங்கள் அணியில் பந்து பிடிக்கும் டாயில் தின்றுவிட்டான்.

இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம். என் பந்தில் வேகம் இல்லை. மருத்துவர் முழங்கையை அழுத்திப் பார்த்து, இந்தப் பருவம் முழுக்க எறிந்தால் கை என்றைக்கும் மடங்காது என்கிறார். நான் நிறுத்த மாட்டேன். இதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

விசித்திரம் என்னவென்றால், எனக்கு முன்பே கை எறிந்து முடித்துவிடுகிறது. அப்புறம் நான் எறிவது ஏதோ மிச்சம்.

“டேய் ஹ்ருஷ்கா, பந்த எங்கடா விட்டுட்டு வந்தே? எனக்கு அதோட தோலு மட்டுந்தான் வருது!” என்று டாயில் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உங்கள் கடிதம் நினைவுக்கு வந்தது.

களஞ்சியத்தைப் போய்ப் பாருங்கள் அப்பா.

லூமீர்


பண்ணை
ஜூன் 20

அன்பு மகனுக்கு,

சனிக்கிழமை போனேன். துணைக்கு வைக்கோல் வாரும் கவைக்கோல். வீரன்தான்.

ரேடியோக்காரர் “இதோ எறிகிறார்” என்று சொல்வதற்குள் சுவரில் தொம். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். ஆள் யாரும் இல்லை. கட்டத்தின் கீழ்மூலையில், நீ எப்போதும் குறிவைக்கும் இடத்தில், பலகை பிளந்திருக்கிறது. தொட்டேன், சுட்டது.

நீ நின்று எறிய நாம் குவித்த பழைய மண்மேட்டில் வலது கால் ஊன்றிய தடம் ஆழமாக, ஈரமாக இருந்தது. அங்கே வந்து சேர்ந்த தடம் ஒன்றுகூட இல்லை.

“சௌக்கியமா?” என்று கேட்டு வைத்தேன். கோழிகள் ஓடின. நானும் கோழிகளோடு ஓடினேன்.

அப்பா


செயின்ட் லூயிஸ்
ஜூன் 25

அப்பா,

அது என் பந்து. எனக்கு அது வேண்டும். பழைய கையுறையை மாட்டிக்கொண்டு சுவருக்கு முன்னால் உட்காருங்கள். பிடித்துத் திருப்பி எறியுங்கள், நான் சிறுவனாக இருந்தபோது செய்தது போலவே. வியாழக்கிழமை மறுபடி எறிகிறேன். கெஞ்சிக் கேட்கிறேன்.

லூமீர்


பண்ணை
ஜூலை 1

அன்பு லூமீர்,

சொன்னபடி உட்கார்ந்தேன். உட்கார்வதே பெரிய வித்தை, எழுவது அதைவிட. காற்று சீறியது, கையுறையில் அறை விழுந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, கனம் மட்டும் இருந்தது. மண்மேட்டைப் பார்த்துத் திருப்பி எறிந்தேன்.

“ஏங்க! மட்டைக்காரன் காத்த அடிச்சிட்டு நிக்கறானாம்! பழைய லூமீர் திரும்பிட்டான்னு ரேடியோக்காரன் குதிக்கறான்!” என்று அம்மா ஜன்னலிலிருந்து கூவினாள்.

ஐந்து சுற்று அப்படியே போயிற்று. ஒருவனும் உன் பந்தைத் தொடவில்லை. ஆனால் மகனே, மேட்டிலிருந்து வேறொரு சத்தமும் வந்தது. சின்ன வயதில் கை வலித்தால் எனக்குக் கேட்காமல் உதட்டைக் கடித்து முனகுவாயே, அது. ஒவ்வொரு பந்துக்கும் கூடிக்கொண்டே போனது.

ஆறாவது சுற்றில் எழுந்தேன். மேட்டுக்கு நடந்து போய் உள்ளங்கையை நீட்டினேன், களைத்த எறிபவனை ஆட்டத்திலிருந்து எடுக்க மேனேஜர் நீட்டுவது போல. அதன் அர்த்தம் எனக்குத் தெரியாமல் இல்லை. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பந்து வந்தது. இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. நீ ஆடும் லீக்கின் முத்திரை போட்ட பந்து.

அதிலிருந்து வேலியருகே புல் மடங்கியபடியே இருக்கிறது, யாரோ நிற்பது போல. வீட்டுக்கு வா.

அப்பா


செயின்ட் லூயிஸ்
ஜூலை 6

அப்பாவுக்கு,

வியாழக்கிழமை எங்கள் மேனேஜர் இருக்கையை விட்டே எழவில்லை. என் முன்னால் ஒரு கை நீண்டிருந்தது. வெறும் கை. கோணல் விரல்கள். நான் நின்றேன், பல்லைக் கடித்தேன். ஆனால் நீட்டிய கையில் பந்தை வைக்காமல் எங்களில் யாரும் மேட்டை விட்டு இறங்கியதில்லை. வைத்துவிட்டேன். நடுவரும் ஒன்பது பேரும் புல்லெல்லாம் தேடினார்கள். பந்து கிடைக்கவில்லை.

கை வலிக்கவில்லை. எறியவும் வரவில்லை. அணியிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அப்பா.

வேலியருகே நிற்பவனை உள்ளே கூப்பிடுங்கள். வெயிலில் நிற்க வேண்டாம். அம்மாவிடம் சொல்லி அவனுக்குச் சாப்பாடு போடுங்கள். உங்கள் பிள்ளை அவன்தான். என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

லூ. ஹ்ருஷ்கா