அப்பா தவறிய சேதி

அன்பு மகள் ஜெனிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஆண்டவர் கிருபையில் சுகமாயிருக்க வேண்டும், இங்கே நான் இருக்கிறேன், அவ்வளவுதான். போனில் உன் முகத்தைப் பார்த்தாலே அழுகை முந்திக்கொள்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்குக் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்த அப்பா நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உன் மாமா பையன் லியோ உனக்குப் போன் போட்டான், நீ பிரசவ அறையில், மாப்பிள்ளையும் உள்ளே, உன் போன் சம்பந்தியம்மா கையில். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் வராது, பேசிப் புரியவைக்க முடியாமல் நம்ம ஊரில் எல்லோரும் சொல்கிற மாதிரி ஃபாதர் எக்ஸ்பயர்ட் என்று எழுதி அனுப்பினான். அவர்கள் அதைப் போனிலேயே தங்கள் டச்சு மொழிக்கு மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். இறந்தவருக்கு அந்த மொழியில் ஒரு சொல்லாம், தேதி முடிந்த பாஸ்போர்ட்டுக்கு வேறு சொல்லாம், போன் காட்டியது பாஸ்போர்ட்டுக்கு உள்ளதை. ஞானஸ்நானத்துக்கு வரவேண்டுமென்று அப்பா பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அலைந்துகொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியுமே, அதைத்தான் சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். கவலை வேண்டாம், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம், பிரசவம் ஆனதும் ஜெனியிடம் சொல்கிறேன் என்று பதில் வந்தது. இன்னா மனுஷிங்க இவங்க என்று லியோ கொதித்தான். பெற்றுப் பிழைக்கட்டும், பிறகு சொல்லட்டும் என்று நான்தான் அடக்கினேன்.

மறுநாள் அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து வந்து உட்கார்ந்தோம், நீ கூப்பிட்டாய். "அப்பாகிட்ட குடும்மா, பேரனைக் காட்டணும்" என்று சிரித்தாய். "அப்பா தவறிட்டாருடி" என்றேன். அதற்குமேல் லியோதான் போனை வாங்கிப் பேசினான்.

நீ சம்பந்தியம்மாவோடு பேசுவதில்லை, குழந்தையைத் தொடவும் விடுவதில்லை என்று மாப்பிள்ளை லியோவிடம் சொல்லி வருத்தப்பட்டாராம். ஜெனி, நீ வந்திருக்க முடியாதுதான், போனிலாவது அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்த்திருப்பாய், அது எனக்குச் சாகும்வரை ஆறாது. ஆனால் நாமும்தான் செத்தார் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை, தவறிட்டார் என்கிறோம். தமிழ் தெரியாதவர் அதை மாற்றிப் பார்த்தால் அப்பா ஏதோ தப்பு பண்ணிவிட்டார் என்றுதானே வரும். அந்தம்மா பாவம், படித்ததை நம்பினார்கள்.

முப்பதாம் நாள் பூசைக்குச் சொல்லியிருக்கிறேன். தலைக்கு ஊற்றினால் காதில் பஞ்சு வை, பச்சை உடம்பு. கடிதம் கிடைத்ததும் குழந்தையைத் தூக்கி அவர்கள் கையில் கொடு. உனக்கு வாய் வராவிட்டால் ஒன்றும் பேசவேண்டாம், கொடுத்தால் போதும்.

மாதா உங்களைக் காக்கட்டும்.

உன் அம்மா,
ஜெயசீலி அருள்சாமி
வில்லியனூர்