குணவதி முடிக்காத நத்தார் அட்டைகள்

1907 நவம்பர் 9

காலையிலிருந்து மழை. மகள் மலரின் சட்டையைத் தேடி டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் குணவதியின் நத்தார் அட்டைகள். தடித்த அட்டையில் பட்டுத் துண்டை வைத்து ஓரம் தைத்து, நடுவே நூலில் நட்சத்திரமோ பூவோ போடுவாள். கிறிஸ்து பிறப்புக்கு உறவினர், தெரிந்தவர் எல்லாருக்கும் அவள் கைவேலைதான் போகும். இந்த வருஷத்துக்கு ஆகஸ்டிலேயே தொடங்கியிருக்கிறாள். செப்டம்பரில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. பல அட்டைகளில் பென்சில் கோடு மட்டும் இருக்கிறது.

நான் முடித்தால் என்ன?

நவம்பர் 13

கந்தோர் வேலை முடிந்து வந்ததும் ஊசியை எடுத்தேன். அட்டை கிழிந்தது, விரலிலும் குத்தியது. மலர் சிரித்தாள். நாலு வயதுப் பிள்ளை. தாய் போன பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ஆமினா பீவி திரைக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "மொதல்ல வெறும் ஊசியால தொளை போட்டுக்குங்க தம்பி. அப்புறமா நூல் கோத்துத் தைங்க."

நவம்பர் 24

ஆராதனை முடிந்து குணவதியின் தங்கை சரோஜினி வந்தாள். அவளும் கணவர் ஜெயரத்தினமும் சிங்கப்பூரை விட்டு யாழ்ப்பாணத்துக்கே திரும்புகிறார்கள். பிள்ளை இல்லாதவர்கள்.

"மலரை எங்களோட விடுங்கோ அத்தான். நீங்கள் கந்தோருக்குப் போனா ஆர் பார்க்கிறது?"

"நான் பார்ப்பன்."

"ஒரு பொத்தான் தைக்கத் தெரியாத நீங்களோ?"

நான் தைத்த அட்டையைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தவள் அழத் தொடங்கினாள். எதற்காகக் காட்டினேன்? அவள் வாயை அடைக்கவா?

நவம்பர் 30

என் நட்சத்திரங்கள் நண்டு மாதிரி இருக்கின்றனவாம். மலர் சொல்கிறாள்.

டிசம்பர் 8

மலருக்குக் காய்ச்சல். நேற்று மத்தியானமே தொடங்கியிருக்கிறது. ஆமினா பீவி ஆள் அனுப்பியும் துரை என்னை விடவில்லை, சரக்குக் கப்பல் வந்திருக்கிறதாம். நான் வந்து பார்த்தால் பிள்ளை "அம்மா எங்கை" எண்டு கேட்டுக்கொண்டு கிடக்குது. நான் என்னத்தைச் சொல்லுறது? இதே கட்டில் — இப்பிடித்தானே அவளும் கிடந்தவள். ஆண்டவரே, இவளையாவது எனக்கு விட்டுவிடும்.

டிசம்பர் 12

காய்ச்சல் விட்டது. இத்தனை நாளும் சரோஜினிதான் இங்கே வந்து தங்கி மடியில் வைத்திருந்தாள். கண் விழித்ததும் மலர் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாள். நான் கை நீட்டினேன், வரவில்லை.

"கூட்டிக்கொண்டு போ" என்றேன்.

சரோஜினி பிள்ளையின் சட்டைகளை மடிக்கத் தொடங்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 19

தஞ்சம் பாகார் துறைமுகத்தில் மூவரையும் கப்பல் ஏற்றிவிட்டேன். "அப்பா, நீங்கள் ஏறேல்லையோ?" என்றாள். பிறகு வருவேன் என்றேன். பிறகு என்றால் எப்போது?

டிசம்பர் 21

இன்று ஊசியைத் தொடவில்லை.

டிசம்பர் 25

ஆராதனைக்குப் பிறகு அட்டைகளைக் கொடுத்தேன். எது குணவதி தைத்தது, எது நான் தைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

1908 நவம்பர் 15

சரோஜினியிடமிருந்து செய்தி. மலர் நன்றாக வளர்கிறாள். ஜெயரத்தினத்தை அப்பா என்று கூப்பிடப் பழகிவிட்டாளாம். 'சித்தப்பா எண்டு சொல்லித் திருத்தட்டோ அத்தான்? நீங்கள் சொல்லுங்கோ' என்று கேட்டிருக்கிறாள்.

தேக்காவில் ஒரு கடையில் மஞ்சள் பட்டு வாங்கி வந்து, முதல் தடவையாக ஒரு அட்டையைத் தொடக்கத்திலிருந்து நானே தைத்தேன். மஞ்சள் மகளுக்குப் பிடித்த நிறம் — போன வருஷம் பிடித்த நிறம். மேலே 'மலருக்கு' என்று தைத்தேன். கீழே என்ன தைப்பது? 'அப்பா' என்று பென்சிலில் எழுதிப் பார்த்து அழித்தேன். பிறகு 'சிங்கப்பூர்' என்று மட்டும் தைத்து முடித்தேன்.

சரோஜினிக்குத் தனியே ஒரு வரி எழுதினேன்: பிள்ளையைத் திருத்த வேண்டாம்.